தாமிரபரணியைக் கெடுப்பது பாபநாசத்துப் பழந்துணியா, ஊர்ச் சாக்கடையா?

பேராச்சி படித்துறை (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் ஆடி அமாவாசைக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு பாபநாசம் போயிருந்தேன். தாத்தாவுக்குத் தர்ப்பணம். நான் பிழைப்புக்காகப் பெங்களூரில் இருப்பவன், அந்தப் பக்கம் போய்ப் பல வருடம் ஆகிறது. கோயிலுக்கு எதிரே படித்துறையில் இறங்கினால் கால் வைத்த இடமெல்லாம் துணி. வேட்டி, சேலை, பனியன், பாவாடை என்று கல் இடுக்கில் சிக்கிப் பாசி பிடித்துக் கிடக்கிறது. அப்பா காலில் ஒரு சேலை சுற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

என் கண் முன்னாலேயே ஒரு அம்மாள் மூன்று முழுக்குப் போட்டார், கட்டியிருந்த சேலையை அப்படியே தண்ணீரில் விட்டார், மாற்றுச்சேலை சுற்றிக்கொண்டு கரையேறிவிட்டார். "ஏன்மா?" என்று கேட்டேன். "ஜோசியர் சொன்னாரு, தோஷம் துணியோட போயிரும்" என்றார். அவருடைய தோஷம் போனதோ என்னவோ, துணி எங்கும் போகவில்லை. அங்கேயேதான் கிடக்கிறது.

பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடல் சேரும் ஆறு. வற்றாத ஜீவநதி என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். தாய் என்று கும்பிடுகிறவர்களே இப்படிச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது? ஆறு கெட்டதற்கு முதல் காரணம் பக்தர்கள்தான் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

கல்லிடை அப்பளம்

மறுக்க மாட்டேன். துணி அள்ளும் குழுவோடு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். நனைந்த சேலை என்ன கனம் கனக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மணலுக்குள் புதைந்து நுனி மட்டும் தெரியும். இழுத்தால் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு கயிறு மாதிரி வரும். டன் கணக்கில் அள்ளி லாரியில் ஏற்றினோம். அடுத்த அமாவாசைக்கு மறுபடி அதே அளவு.

அந்தப் படித்துறையில் பெரிய பெரிய மீன்கள் உண்டே, பொரி போட்டால் குவியுமே, அவை இந்தத் துணிக்குள்தான் நீந்துகின்றன. பார்க்கவே மனசு கேட்காது.

சோதனைக்குழாய்

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி பேராச்சி சொன்ன காட்சி உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தப்பு.

ஆறு கெட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குளிக்கிற தண்ணீருக்கு ஒரு அளவுகோல் உண்டு. ஒரு லிட்டரில் கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். பி.ஓ.டி. 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. மலத்திலிருந்து வரும் கோலிஃபார்ம் கிருமி 100 மில்லிலிட்டரில் 500க்குள் இருப்பது நல்லது, எப்படிப் போனாலும் 2500ஐத் தாண்டக் கூடாது.

பி.ஓ.டி. என்றால் என்ன என்று கேட்பார்கள். தண்ணீரில் கழிவு விழுந்தால் அதைத் தின்ன பாக்டீரியாக்கள் கூடும். தின்னும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு இழுக்கிறது என்ற கணக்குத்தான் பி.ஓ.டி. அது ஏறினால் மீனுக்கு மூச்சு முட்டும். இந்தக் கணக்கில் பருத்தி வேட்டிக்குப் பெரிய பங்கு கிடையாது. பாலியெஸ்டர் சேலைக்கு அதைவிடக் குறைவு. மலம், சமையலறைக் கழிவு, சோப்புத் தண்ணீர், இவைதான் ஏற்றிவிடும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018ல் நாடு முழுவதும் 351 இடங்களில் ஆறுகள் மாசுபட்டிருப்பதாகப் பட்டியல் போட்டது. தாமிரபரணியின் ஒரு பகுதியும் அதில் இருக்கிறது. ஐந்து தரத்தில் கடைசித் தரம், அதாவது பாதிப்பு குறைந்த வகை. அதைப் பார்த்து ஆறுதல் பட்டுக்கொள்ள வேண்டாம். பொதிகைத் தண்ணீர் அந்தப் பட்டியலுக்குள் வந்ததே அவமானம்.

இனி ஒரு எளிய கணக்கு. 2011 கணக்கெடுப்பில் நெல்லை மாநகராட்சியின் மக்கள்தொகை ஏறக்குறைய 4.74 லட்சம். ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது திட்டம் போடுகிறவர்களின் வழக்கமான அளவு. அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று வைத்துக்கொள்வார்கள். பெருக்கிப் பாருங்கள், நாளைக்கு 5 கோடி லிட்டர் வருகிறது. 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் நாலாயிரத்துக்கும் மேல் நடை. அதில் ஒரு பகுதி குழாய் வழியாகச் சுத்திகரிப்புக்குப் போகிறது, ஒரு பகுதி மண்ணில் இறங்குகிறது. மிச்சத்துக்குப் பள்ளம் எது? ஆறுதான். அமாவாசை மாதம் ஒரு தடவை. இது தினமும்.

பேராச்சி படித்துறை

ஐயா, கணக்கு புரிகிறது. ஆனால் பாபநாசம் நெல்லைக்கு மேலே இருக்கிறது. நெல்லைச் சாக்கடை மேலே ஏறி வராதே? அங்கே கெடுப்பது பக்தர்கள்தானே?

சோதனைக்குழாய்

சரியான கேள்வி. பாபநாசம் படித்துறையை மட்டும் கேட்டால் நீங்கள் சொல்வதுதான் சரி. தலைப்பில் ஆறு என்று போட்டிருக்கிறீர்களே! பாபநாசத்தை விட்டு இறங்கினால் விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று வரிசையாக ஊர். ஒவ்வொன்றுக்கும் சாக்கடை உண்டு, அது விழ ஒரு ஓடையோ வாய்க்காலோ உண்டு. நெல்லையைத் தாண்டினால் சீவலப்பேரியில் சிற்றாறு வந்து சேருகிறது. குற்றாலத்து அருவியில் எண்ணெய், சோப்பு போடக் கூடாது என்று தடை இருக்கிறது, நல்லதுதான். அங்கிருந்து இறங்கியபின் தென்காசி முதல் வழிநெடுக விழுவதற்கு யார் தடை போட்டார்கள்?

மருதூர் கீழக்கால்

அண்ணாச்சிமார் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் விவசாயி, நெல்லைக்குக் கீழே. எங்களைக் கேட்காமல் இந்தப் பேச்சு முடியாது, ஏனென்றால் மேலே விட்டதெல்லாம் எங்கள் வயலுக்குத்தான் வருகிறது.

ஆற்றில் எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியாக ஸ்ரீவைகுண்டம். ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரன் கட்டியது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. ஒவ்வொன்றிலும் கால்வாய் பிரியும். சுத்தமல்லியில் பிரிகிற நெல்லைக் கால்வாய் பேட்டை, டவுன் வழியாக வரும். பழவூரில் பிரிகிற பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாகப் போகும். பாசனத்துக்கு வெட்டிய வாய்க்கால் ஊருக்குள் நுழைந்ததும் என்ன ஆகிறது தெரியுமா? இரண்டு பக்கமும் வீடு, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குழாய் வாய்க்காலுக்குள். என் மாமா வீடு பாளையங்கால்வாய்க் கரையில் இருந்தது. சின்ன வயதில் அதில் நீச்சல் அடித்திருக்கிறேன். இன்று மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பாலத்தைக் கடக்க வேண்டும்.

எங்களுக்குக் கார், பிசானம் என்று வருடத்துக்கு இரண்டு பூ (இரண்டு போகம் நெல்) விளையும் நிலம். நாற்று நட வருகிற பெண்கள் காலில் அரிப்பு என்கிறார்கள். வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு இறங்குகிறார்கள். போன வருடம் ஒரு அக்கா, "தம்பி, இந்த வயல்ல மட்டும் என்னைக் கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். வாய்க்கால் தலைமாட்டில் இருக்கும் வயல் அது.

அப்புறம் அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை. தண்ணீர் தெரியாமல் மூடிக்கிடக்கும். ஜேசிபி வைத்து அள்ளுவார்கள், போட்டோ எடுப்பார்கள், மூன்று மாதத்தில் பழையபடி. ஐயா சோதனைக்குழாய் சொல்லட்டும், அது ஏன் இப்படி வளர்கிறது?

சோதனைக்குழாய்

உரம் போடுகிறோமே, வளராமல் என்ன செய்யும்! சாக்கடையில் நைட்ரஜனும் பாஸ்பரசும் நிறைய. துணி துவைக்கும் பவுடரிலும் பாஸ்பேட் வரும். வயலில் போட்ட யூரியாவும் வடிந்து வரும் (கீழக்கால் கோபித்துக்கொள்ள வேண்டாம்). ஓடாத தண்ணீர், சூரிய வெளிச்சம், இலவச உரம், அமலைக்கு வேறு என்ன வேண்டும்? மேலே அது மூடிக்கொண்டால் வெளிச்சமும் காற்றும் உள்ளே போகாது. செத்து மடிந்து அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். அமலையை மட்டும் அள்ளிக்கொண்டிருந்தால் காலம் முழுக்க அள்ளிக்கொண்டே இருக்கலாம்.

தர்ப்பைக்கட்டு

நாலு தலைமுறையாக ஆற்றங்கரையில் தர்ப்பணம் செய்து வைக்கிற குடும்பம் எங்களுடையது. துணி விஷயத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தர்ப்பணம் என்றால் எள்ளும் தண்ணீரும். பிண்டம் வைத்தால் அது மீனுக்கும் காக்கைக்கும் போகும். நான் படித்த எந்தச் சடங்குமுறைப் புத்தகத்திலும் உடுத்திய துணியை ஆற்றில் விடு என்று இல்லை. என் அப்பா காலத்தில் கருமாதிக்குக் கட்டிய துணியை ஊர்ச் சலவைத் தொழிலாளிக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆற்றில் துப்பினால், பல் விளக்கினால், என் பாட்டி கரையில் நின்றே திட்டித் தீர்த்துவிடுவாள். இந்தத் துணி விடும் பழக்கம் பரிகாரம் என்ற பெயரில் ஜோசியர்களும், அவர்கள் சொன்னதாக மற்றவர்களும் பரப்பியது. எனக்கு நினைவு தெரிந்து வளர்ந்த பழக்கம்.

ஆனால் எங்கள் மேலும் தப்பு உண்டு, மறைக்கவில்லை. "துணியை விடாதீர்கள், கரையில் வையுங்கள்" என்று சொன்னால், வந்தவர் அடுத்த சாஸ்திரிகளிடம் போய்விடுவார். அன்றைய வருமானம் போச்சு. அதனால் பலர் வாயைத் திறப்பதில்லை, நானும் சில நாள் திறக்கவில்லை. பூஜைச் சாமான் எல்லாம் பிளாஸ்டிக் பையில் வருகிறது. பால் பாக்கெட், கற்பூர உறை, மஞ்சள்பொடிக் கவர். முறப்பநாட்டில் ஆறு தெற்கிலிருந்து வடக்கே திரும்பி ஓடுவதால் தட்சிண கங்கை என்று கூட்டம் வரும். கூட்டம் போனபின் கரையைப் பார்த்தால் கங்கையின் மற்ற விஷயமும் ஒத்துப்போகிறது.

சும்மா வந்தேன்

அல்வா நன்றாக இருப்பதற்கு ஆற்றுத் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். இந்த இழையைப் படித்தபின் கால் கிலோ வாங்கிவந்ததைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நொய்யல் நுரை

நான் திருப்பூர். எங்கள் நொய்யலும் புனித நதிதான், பேரூர்ப் பக்கம் கேட்டால் காஞ்சிமாநதி என்பார்கள். அதற்கு நேர்ந்தது வேறு கதை. சாயப்பட்டறைத் தண்ணீர். ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று 1992ல் கட்டினார்கள், அது சாயக்கழிவு தேக்கும் தொட்டியாகிப் போனது. கடைசியில் அதில் தண்ணீர் தேக்காதே என்று விவசாயிகளே போராடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது. அதன் பிறகுதான் ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற முறை இறுகியது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஆற்றுக்குக் குற்றவாளி யார் என்று கை நீட்ட முடிந்தது. பட்டறைக்குக் கதவு இருக்கிறது, அதில் சீல் வைக்கலாம். நீங்கள் சொல்லும் கணக்குப்படி உங்கள் ஆற்றைக் கெடுப்பது ஒரு லட்சம் வீடு. எதற்கு சீல் வைப்பது?

வெட்டரிவாள்

எல்லாம் சரி, ஒரு மதத்துக்காரர்களை மட்டும் குறை சொல்வதற்கு இந்த இழை நன்றாகப் பயன்படுகிறது. 2018 அக்டோபரில் புஷ்கரம் என்ற ஆற்றுத் திருவிழா வந்தபோதும் இதே பாட்டுதான். லட்சக்கணக்கில் ஜனம் வந்து முழுக்குப் போட்டது, ஆறு செத்தா போனது? விநாயகர் சிலை என்றாலும் உடனே வழக்கு.

மருதூர் கீழக்கால்

அண்ணாச்சி, சிலை விஷயத்தில் பிரச்சினை விநாயகர் இல்லை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். 2023ல் நெல்லை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அந்தச் சிலைகளுக்கு அனுமதி கிடையாது என்று நின்றது. களிமண் பிள்ளையாரை யாரும் தடுக்கவில்லை. எங்கள் ஊர்க் குளத்தில் வருடா வருடம் கரைக்கிறோம், மறுநாள் மண்ணோடு மண்.

சாக்கடைக்கு மதம் கிடையாது. எல்லா வீட்டுக் கக்கூஸும் ஒரே வாய்க்காலில்தான் விழுகிறது.

நெறியாளர்

இதற்கு மேல் வந்த ஒன்பது பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யார் எந்தக் கட்சி என்பது ஆற்றுக்குத் தேவையில்லை. ஆற்றைப் பற்றிப் பேசுங்கள்.

காசிக்குப் போனவன்

கங்கை என்று பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். 1986ல் ராஜீவ் காந்தி காசியில் கங்கைத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 2014ல் நமாமி கங்கே, 20,000 கோடி ரூபாய் என்றார்கள். முதலில் போனபோது நானும் பேராச்சி மாதிரிதான் நினைத்தேன். மணிகர்ணிகையில் எரியும் பிணம், மிதக்கும் மாலை, அகல் விளக்கு, கெடுப்பது இதுதான் என்று. பிறகு கான்பூரில் இரண்டு வருடம் வேலை. ஜாஜ்மாவ் தோல் தொழிற்சாலைப் பக்கம் நின்றால் கங்கை வேறு நிறம். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1987லேயே சுத்திகரிப்பு இல்லாத தோல் ஆலைகளை மூடச் சொன்னது. தோல் ஆலை கொண்டுவரும் குரோமியம் தனி விஷம். ஆனால் அளவு என்று பார்த்தால் கங்கையிலும் பெரும்பகுதி ஊர்ச் சாக்கடைதான். கான்பூரில் சீசாமாவ் என்று ஒரு பெரிய நாலா, அதாவது கழிவுநீர் ஓடை, இருந்தது. ஒரு நாளைக்கு 14 கோடி லிட்டர் கழிவை நேராகக் கங்கையில் கொட்டிக்கொண்டிருந்தது. 2018 வாக்கில்தான் அதைத் திருப்பிவிட்டார்கள்.

அங்கே நான் பார்த்த இன்னொரு விஷயம். கங்கை தன்னைத் தானே சுத்தப்படுத்திக்கொள்ளும் என்று படகுக்காரர் முதல் பேராசிரியர் வரை சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. 1896லேயே ஹாங்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை நீரில் காலரா கிருமி சீக்கிரம் செத்துப்போவதாக எழுதினார். ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு எதையும் விடலாம் என்று ஆகிவிட்டது. நம் ஊரிலும் 'பொதிகை மூலிகைத் தண்ணீர், ஒன்றும் செய்யாது' என்று சொல்லும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கல்லிடை அப்பளம்

எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். டாக்டர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னால், "ஆத்துத் தண்ணிய காய்ச்சுனா சத்து போயிரும்" என்பார்.

சோதனைக்குழாய்

வெட்டரிவாள் ஒரு நல்ல கேள்வி கேட்டார், கோபத்தில் கேட்டதால் யாரும் பதில் சொல்லவில்லை. புஷ்கரத்தில் அத்தனை ஜனம் இறங்கியும் ஆறு ஏன் சாகவில்லை? தண்ணீர் ஓடியது, அதனால்.

இதுதான் இந்த இழையில் யாரும் தொடாத காரணம். சாக்கடைத் தண்ணீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 200, 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுத் தண்ணீரில் ஏற்கெனவே 1 இருக்கிறது. இரண்டும் கலந்து 3க்குள் நிற்க வேண்டுமானால், ஒரு லிட்டர் சாக்கடைக்கு நூறு லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் ஓட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஓடும். சித்திரையில்? பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் அளந்துதான் திறப்பார்கள். திறந்ததை அணைக்கட்டு ஒவ்வொன்றாகக் கால்வாய்க்குத் திருப்பும். குடிநீருக்கு வழிநெடுக உறைகிணறு. நெல்லைக்கு வரும்போது ஆற்றில் எஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் முழுச் சாக்கடையும். சுலோசன முதலியார் பாலத்தின் மேல் நின்று கோடையில் ஒரு முறை கீழே பாருங்கள். கொக்கிரகுளம் பக்கம் ஓடுவதில் எவ்வளவு ஆறு, எவ்வளவு மற்றது என்று நீங்களே சொல்வீர்கள். ஆடி அமாவாசையில் வந்து பார்த்தால் பாதிதான் தெரியும்.

இன்னொன்று மணல். ஆற்று மணல் வெறும் மணல் இல்லை. தண்ணீர் அதற்குள் இறங்கி ஊறி ஓடும்போது வடிகட்டப்படுகிறது, மணலில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர் கழிவைத் தின்கிறது. அதைப் பத்து இருபது அடிக்கு அள்ளிவிட்டால் மிஞ்சுவது பாறையும் களிமண்ணும் குட்டையும். குட்டையில் தேங்கியது நாறும், அமலை பிடிக்கும், கரையில் சீமை உடை (சீமைக் கருவேலம்) முளைக்கும். தோழர் நல்லகண்ணு தாமே உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நின்று வாதாடி 2010ல் மணல் அள்ளத் தடை வாங்கினார். அதற்குள் போனது போனதுதான். மணல் ஒன்றும் வருடத்துக்கு ஒரு தடவை விளைகிற நெல் இல்லை.

மருதூர் கீழக்கால்

2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தண்ணீர் வடிந்தபின் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் ஆற்றங்கரை மரங்களைப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே கிளையெல்லாம் துணியும் பாலித்தீனும் தொங்குகிறது. பேராச்சி தம்பி, உங்கள் பாபநாசத்துச் சேலையும் அதில் ஒன்றாக இருந்திருக்கும். துணி ஒன்றும் செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். மதகில் போய் அடைத்தால் வயலுக்குத் தண்ணீர் வராது, நாங்கள்தான் இறங்கி எடுக்க வேண்டும். ஆனால் அதை எடுக்க முடிகிறது. வாய்க்காலில் கரைந்து வருவதை எதை வைத்து எடுப்பது?

2024 நவம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இரண்டு பேர் நேரில் வந்து படித்துறை படித்துறையாகப் பார்த்தார்கள். அடுத்த மாதமே கொடகநல்லூர், நடுக்கல்லூர்ப் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுத் திருப்பி எடுக்க வைத்தது. அதற்கு எல்லோரும் கொதித்தோம், கொதிக்க வேண்டியதுதான். ராத்திரியில் செப்டிக் டேங்க் லாரி வாய்க்காலில் குழாயைத் திறந்துவிட்டுப் போகிறதே, அதை மூன்று முறை நானே பார்த்திருக்கிறேன். அதற்குக் கொதிக்க ஆள் இல்லை. கூப்பிட்டவர் நம்ம தெரு, ஓட்டுபவர் நம்ம ஊர்.

நொய்யல் நுரை

நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. எதற்கு சீல் வைப்பது?

பேராச்சி படித்துறை

இரண்டு நாள் பதில் போடாததற்கு மன்னிக்கவும். லீவு மிச்சம் இருந்ததால் ஒரு காரியம் செய்தேன். எங்கள் வீடு ஆற்றிலிருந்து பத்து நிமிட நடை. வீட்டுச் சாக்கடை எங்கே போகிறது என்று பின்னாலேயே நடந்து பார்க்கலாம் என்று கிளம்பினேன். அப்பா, "வேற வேலை இல்லையால உனக்கு?" என்றார்.

குளியலறை, சமையலறைத் தண்ணீர் தெருச் சாக்கடைக்கு. அது முக்குக் கடை வரை திறந்து ஓடுகிறது. அங்கே ஒரு ஓட்டல் பாத்திரம் கழுவும் தண்ணீர் சேர்கிறது, எண்ணெய் மினுங்குகிறது. பிறகு சிமெண்ட் மூடிக்குள் நுழைகிறது. மூடியைத் தொடர்ந்து போனால் பிரதான சாலை, அதைத் தாண்டினால் ஓடை. ஓடையில் எட்டுத் தெருச் சாக்கடை சேர்ந்து இடுப்பு அகலத்துக்குக் கறுப்பாக ஓடுகிறது. கரை ஓரமாகக் கருவேலம் புதரில் சட்டையைக் கிழித்துக்கொண்டு போனால், நான் சின்ன வயதில் குளித்த படித்துறைக்கு முந்நூறு அடி மேலே அது ஆற்றில் இறங்குகிறது. அந்தப் படித்துறையில் அப்போதும் நாலு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாயில் தண்ணீர் வைத்துக் கொப்பளித்தார்.

கழிப்பறைத் தொட்டியைப் பற்றியும் அப்பாவிடம் கேட்டேன். வீடு கட்டியதிலிருந்து ஒரே ஒரு தடவைதான் லாரி வந்ததாம். முப்பத்திரண்டு வருடத்தில். "அப்படீன்னா தொட்டி எப்படி நிறையாம இருக்கு?" என்றேன். அப்பா பதில் சொல்லாமல் கொல்லையைப் பார்த்தார். தொட்டியின் மேல் மட்டத்திலிருந்து ஒரு நாலு இஞ்சு குழாய் தெருச் சாக்கடைக்குப் போகிறது. கொத்தனார் அன்றைக்கே வைத்துக்கொடுத்ததாம், எல்லா வீட்டுக்கும் அப்படித்தானாம்.

சோதனைக்குழாய்

தம்பி, உங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் போட்டாயிற்றா?

பேராச்சி படித்துறை

அதைத்தான் சொல்ல வருகிறேன் ஐயா. ஆறு வருடத்துக்கு முன்னாலேயே போட்டுவிட்டார்கள். வாசலுக்கு வெளியே ஆள்நுழை குழி, மூடி எல்லாம் இருக்கிறது. வீட்டு இணைப்புதான் இல்லை. தெருவில் எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு வீட்டில் ஒன்பது வீடுதான் இணைத்திருக்கிறது. அப்பா சொன்ன காரணம்: முற்றத்தில் புதிதாகப் பதித்த டைல்ஸை உடைக்க வேண்டும், பணம் வேறு கட்ட வேண்டும், இப்போது ஒன்றும் அடைத்துக்கொள்ளவில்லையே. விண்ணப்பப் படிவம் மேசை டிராயரில், கரண்ட் பில்லுக்கு அடியில் இருந்தது. பெயர் மட்டும் எழுதியிருந்தார்.

தர்ப்பைக்கட்டு

அந்தப் படித்துறையில்தான் நான் வாராவாரம் தர்ப்பணம் செய்து வைக்கிறேன்.

பேராச்சி படித்துறை

தெரியும் ஐயா. உங்கள் பெயரைப் பார்த்தபோதே யோசித்தேன்.

திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். எட்டு டைல்ஸ் உடையும் என்கிறார், அப்பா பத்து என்கிறார். நொய்யல் அண்ணே, சீல் வைப்பது பற்றி எனக்குத் தெரியவில்லை. அந்த நாலு இஞ்சு குழாய்க்கு ஒரு மூடி வாங்கியிருக்கிறேன்.